எலி மேட்டு டல்சி

குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கூழாங்கல்லை இரண்டு விரலால் எடுத்து, புரட்டிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே எடுத்த வாக்கில் திரும்ப வைக்கிறாள் டல்சி. பிறகு அடுத்த கல். முதுகில் வெயில் உறைக்கும்வரை இதே வேலைதான். ஏதாவது ஒரு கல் ஈரச் செம்மண் ஒட்டிய அடிப்புறத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தால் அவள் முகம் மலர்ந்துவிடும். ராத்திரி அதை யாரோ புரட்டியிருக்கிறார்கள்.

"வேலை நடந்திருக்கு. வீட்ல ஆள் இருக்கு" என்று எழுந்து முழங்காலைத் தட்டிக்கொள்வாள்.

அந்த ஆள் ஒரு எலி. கட்டைவிரல் நீள உடம்பு, அதைவிட நீளமாக ஒரு வால், மண்ணோடு மண்ணாகத் தெரியும் பழுப்பு நிறம். டல்சி ஒரு குவளைத் தேநீரில் போடும் சர்க்கரை அதன் எடைக்கு மேலேயே இருக்கும். அந்தப் பொடிப்பயல், தன் எடையில் பாதி கனமுள்ள கல்லை வாயில் கவ்வி, முன்னங்காலால் அணைத்து, இருட்டில் இழுத்துக்கொண்டு வந்து வளையைச் சுற்றிப் போடுகிறது. கட்டில் அகலத்துக்கு, கட்டிலைவிட அகலமாகவும்கூட, ஒரே அளவுக் கற்களால் மேடு எழும்பிவிடுகிறது. வாசல்கள் பணியாரச் சட்டியின் குழிகளைப்போல வழவழப்பாக இருக்கும். பாட்டன் போட்ட கல்லின்மேல் பேரன் கல் போடுவான். வெளியே இரும்பு உருகும் வெயில் அடிக்கும்போது, அடியில் குளிர்ந்த மண்ணுக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் ஏறித் தூங்குவார்கள். புல்விதையும் கொழுந்தும்தான் சாப்பாடு. தண்ணீர் என்று தனியாக ஒரு சொட்டு குடிக்காமலேகூடக் காலத்தை ஓட்டிவிடும் சாதி.

மேற்கு ஆஸ்திரேலியாவில், பில்பரா என்கிற வறண்ட பகுதியின் கிழக்கு ஓரத்தில், கல்தரை முடிந்து செம்மணல் தொடங்கும் இடத்தில் இருக்கிற பழங்குடிக் குடியிருப்பில் டல்சிக்கு ரேஞ்சர் வேலை. பெண்கள் மட்டும் உள்ள குழு. காக்கிச் சட்டை கொடுத்திருக்கிறார்கள். டல்சி அதன் கைகளைக் கத்தரித்துவிட்டாள். தலையில் ஊர்க் கால்பந்துக் குழுவின் சிவப்பும் மஞ்சளுமான கம்பளிக் குல்லாய், கோடையிலும் அதுதான். இந்தப் பக்கத்து மேடுகளில் எது உயிரோடு இருக்கிறது, எது ஊமையாகிவிட்டது என்று பார்ப்பதும், எலி தின்னவரும் காட்டுப்பூனையைக் காலடி பார்த்துத் துரத்துவதும் அவள் பொறுப்பு. பூனை அகப்பட்டால் வீணாக்கமாட்டாள். நெருப்பில் வாட்டிச் சாப்பிட்டுவிடுவாள். "எலியைத் தின்ன பூனை, பூனையைத் தின்ன நான். என்னைத் திங்க எவனும் இன்னும் பொறக்கல" என்பாள்.

ஊரில் இருப்பது ஒரே கடை. அதை நடத்துகிற ரெக்ஸ் எங்கிருந்தோ தெற்கிலிருந்து வந்து, சம்பளத்துக்கு மேல் தூசியைச் சம்பாதித்துக்கொண்டிருப்பவர். அவர் ஒருநாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஒரு சுண்டெலிக்கு இத்தனை பேர் வேலையா டல்சி? கல்லைப் பொறுக்கறது ஒரு பெரிய விஷயமா?"

டல்சி கடையைச் சுற்றும்முற்றும் பார்த்தாள். மூலையில் ரொட்டி அடுக்கியிருந்த மரப்பெட்டி கண்ணில் பட்டது.

"உன் எடையில பாதி இருக்குமா அது?"

"இருக்கும்."

"கையால தொடாம, பல்லால கவ்வி, வாசல் வரைக்கும் இழுத்துட்டு வா. இன்னிக்கு ராத்திரி பூரா அதையே செய். காலையில வந்து எலியைப் பத்திப் பேசுவோம்."

"பல்லு போயிடும் டல்சி."

"அதுக்குப் போகலையே!"

கடையே சிரித்தது. ரெக்ஸும் சிரித்தார், சிரிக்காமல் வேறென்ன செய்ய? அதன்பிறகு டல்சிக்கு அவர் சர்க்கரைப் பொட்டலத்தைக் கேட்காமலேயே எடுத்துவைக்கிறார்.

இப்படி ஊரையே வாயால் மேய்க்கிறவள், ஒரு மனிதர் வந்தால் மட்டும் வாயைத் தைத்துக்கொள்வாள். அவர் டெஸ்மண்ட். டல்சியின் மகள் ரொவீனாவின் கணவர், சாலைச் செப்பனிடும் கிரேடர் ஓட்டுகிறவர். டெஸ்மண்ட் என்று நாம் சொல்லலாம், டல்சி சொல்லக்கூடாது. அவர்கள் முறைப்படி மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, பேசுவதில்லை, ஒரே வண்டியில் ஏறுவதில்லை. பகை ஒன்றும் இல்லை. மரியாதை, தலைக்கு மேலே நிற்கிற மரியாதை. ரொவீனாவைக் கொடுப்பது என்று பேச்சு முடிந்த நாளிலிருந்து டல்சிக்கு அவர் முகம் எப்படி மாறியிருக்கிறது என்று தெரியாது. முதுகு தெரியும், தொப்பி தெரியும், அவர் கிரேடர் எழுப்புகிற புழுதி எந்தப் பக்கம் சாய்ந்தால் எங்கே போகிறார் என்பது தெரியும்.

கடைக்குள் அவர் நுழைந்தால் டல்சி பனிப்பெட்டியின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொள்வாள். அவர் மாவும் தேயிலையும் வாங்கி, சில்லறை பெற்று, வெளியே போகும்வரை தலை வெளியே வராது. "டல்சி, ஐஸ்கிரீம் உருகுது!" என்று ரெக்ஸ் அலறுவார். உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் 'பொறு' என்று அசையும். கால்பந்து நடக்கும் நாளில் இன்னும் வேடிக்கை. டெஸ்மண்ட் குழுவின் முன்வரிசை ஆட்டக்காரர். ஊரிலேயே பெரிய தொண்டை டல்சிக்கு. அவர் களத்தில் இருக்கும்வரை அவள் மைதானத்துக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் இருக்கும் மார்லீன் ஆட்டத்தை வாயால் ஓட்டிக்காட்ட வேண்டும். மார்லீன் டல்சிக்குத் தங்கை முறை, ரேஞ்சர் குழுவில் கூட்டாளி, சாப்பாட்டில் கொஞ்சம் ஆசை அதிகம்.

"உதைச்சாச்சு அக்கா! உள்ள போயிடுச்சு!"

"யாரு உதைச்சது?"

"உனக்குச் சொல்லக்கூடாத ஆளு."

உடனே டல்சி எதிரே இருக்கும் வேலியைப் பார்த்துக் கைதட்டுவாள்.

சென்ற கோடை மழை சாலையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. விமானத் தரைக்குப் போகிற வழி அதுதான். மருத்துவர் வந்து இறங்கினால் ஊருக்குள் வர வழியில்லை. பழைய பள்ளத்தை விட்டுவிட்டுக் கல்தரை வழியாக நேராகப் புதுத்தடம் போடுவதென்று முடிவாயிற்று. அந்த நேர்க்கோட்டில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தது ஒரு எலி மேடு.

சும்மா மேடு என்றால் டல்சி விட்டிருப்பாளோ என்னவோ. அந்தச் சமவெளியில் அதுதான் கடைசி. அதற்கு முந்தைய வருஷம் மின்னல் விழுந்து முள்புல் எல்லாம் எரிந்துபோனது. ஒளிய இடமில்லாமல் போன எலிகளைப் பூனை பொறுக்கிவிட்டது. ஒவ்வொரு மேடாக டல்சி போய் உட்கார்ந்து கல்லைப் புரட்டிப் பார்த்தாள். எல்லாக் கல்லும் போன வாரம் கிடந்தபடியே கிடந்தது. ஊமையாகிப்போன மேட்டிலிருந்து திரும்பும் நாளில் அவள் தேநீரில் சர்க்கரை போட மறந்துவிடுவாள் என்று மார்லீன் சொல்கிறாள். மிஞ்சிய இந்த ஒன்றில் மட்டும் தினமும் கல் புரண்டது. மழைக்குப் பிறகு புல்விதையும் வந்துவிட்டது. உள்ளே குட்டி இருக்கிறது என்பது டல்சியின் கணக்கு. இந்தக் குட்டிகள் பெருகினால் பக்கத்துக் காலி மேடுகளுக்கும் குடிபோகும். இது போனால் சமவெளியில் எலி என்கிற பேச்சே முடிந்தது. அவள் ஆசை அத்தனையும் அந்தக் கல்குவியலின் மேல் இருந்தது.

ஊர்க்கூட்டத்தில் இதைப் பேசினார்கள். டெஸ்மண்ட் கூடத்துக்குள் இருந்தார். டல்சி வெளியே, சுவருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். மார்லீன் வாசற்படியில் நின்று இரண்டு பக்கமும் சேதி சுமந்தாள்.

"மேட்டைச் சுத்திக் கம்பு நட்டு இளஞ்சிவப்பு நாடா கட்டிடறாளாம். அதை விட்டு ஒதுங்கிப் போகணுமாம்."

உள்ளே ஒரு தொப்பி அசைந்தது.

"சரிங்கறாரு அக்கா."

"வாயால சொன்னாரா?"

"தொப்பியால சொன்னாரு."

டல்சிக்கு அது போதும். அன்றே போய்க் கம்பு நட்டாள், நாடா கட்டினாள். வேலை திங்கட்கிழமை தொடங்கும் என்று பேச்சு.

சனிக்கிழமை கால்பந்து என்றால் வெள்ளிக்கிழமையே எல்லாருக்கும் கால் பரபரக்கும். வேலையை முன்னாலேயே தொட்டுவிட்டால் சனிக்கிழமை நிம்மதியாக ஆடலாம் என்று டெஸ்மண்ட் நினைத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையிலேயே கிரேடரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். இது டல்சிக்குத் தெரியாது. மார்லீன் அவளைச் சமவெளியின் ஓரத்தில் இறக்கிவிட்டு, "ஒரு உடும்புத் தடம் பாத்தேன், இதோ வந்துடறேன்" என்று வண்டியோடு போய்விட்டாள். வண்டியில்தான் தண்ணீர், வண்டியில்தான் ரேடியோ, மிச்ச நாடாவும் அதில்தான்.

டல்சி பாதி தூரம் நடந்திருப்பாள், என்ஜின் சத்தம் கேட்டது. யாருடைய சத்தம் என்று காதுக்கு உடனே தெரிந்துவிட்டது. பழக்கத்தில் கால் தானாகத் திரும்பியது. பக்கத்தில் இருந்த சிறு குன்றின் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் வேலை பார்த்துவிட்டுப் போகட்டும், நாடாதான் இருக்கிறதே.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. குன்றின் ஓரமாகத் தலையை நீட்டி, கிரேடர் பக்கம் கண் போகாமல் கையால் மறைத்துக்கொண்டு, மேட்டை மட்டும் எட்டிப் பார்த்தாள். நாடா இல்லை. கம்பும் இல்லை. மேட்டை உரசினாற்போல, அந்தப் பக்கத்தில் திரியும் காட்டு ஒட்டகக் கூட்டம் போன தடம் பளிச்சென்று கிடந்தது. கம்பில் முதுகு சொறிந்து சாய்த்துவிட்டு, நாடாவைத் தின்றுவிட்டோ இழுத்துக்கொண்டோ போயிருக்கின்றன. கல்தரையில் கல் மேடு. கிரேடரின் உயரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது இன்னொரு சரளைத் திட்டாகத்தான் தெரியும். மண்ணைச் சீவிக்கொண்டு, வண்டியடியில் இருக்கும் அதன் அகலமான இரும்புப் பிளேடு நேர்க்கோடு பிசகாமல் வந்துகொண்டிருந்தது.

கூப்பிடலாமா? கூப்பிட்டால் அவரோடு பேசியதாகிவிடும், அந்த இரைச்சலில் கேட்கவும் கேட்காது. குல்லாயைக் கழற்றி ஆட்டலாமா? ஆட்டினால் அவரைப் பார்த்துத்தானே ஆட்ட வேண்டும்? மார்லீனைத் தேடலாமா? அந்தத் தின்னிப்பண்டாரம் எந்தப் புதருக்குள் கிடக்கிறதோ. இத்தனை வருஷத்தில் அவர் வருகிற வழியில் டல்சி ஒருதரம்கூட நின்றதில்லை. அப்படி நின்றால் தனக்கும் வெட்கம், அவருக்கும் வெட்கம். ஊர் வாய்க்கு ஒரு வருஷம் தீனி. ரொவீனா ஆறு மாசம் பேசமாட்டாள். கோபித்துக்கொண்டு அவர் வேலையை விட்டுவிட்டுப் போனாலும் போவார்.

"உங்களால எனக்கு மானம் போகுது" என்று கண்ணுக்குத் தெரியாத எலிகளைத் திட்டிக்கொண்டு டல்சி எழுந்தாள்.

முகம் காட்டக்கூடாது என்பதால் திரும்பி நின்று, பின்பக்கமாகவே நடந்தாள். குதிகாலில் கல் தட்டியது. முள்புல் கெண்டைக்காலைக் கிழித்தது. ஒருமுறை உட்கார்ந்தே விழுந்தாள். எழுந்து மறுபடி பின்னுக்கே நடந்தாள். பறவைகள் பார்த்திருந்தால் சிரித்திருக்கும். கடைசியில் மேட்டின் விளிம்பைக் கால் தொட்டு உணர்ந்ததும் அதைச் சுற்றிக்கொண்டு போய், மேட்டுக்கும் கிரேடருக்கும் நடுவில், வருகிறவருக்கு முதுகைக் காட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மாமியார் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு மருமகன் வரமுடியாது. அவளால் அவரைத் தடுக்க முடியாது. அந்த முறை தடுக்கும்.

தரை அதிர்ந்தது. கண்ணெதிரே வாசல் குழியின் ஓரத்தில் இருந்த ஒரு கல் நடுங்கி நடுங்கி உள்ளே உருண்டது. டல்சி கண்ணை மூடிக்கொண்டாள். இரைச்சல் காதை நிறைத்தபோது, என்ஜின் சட்டென்று தணிந்தது. பிறகு அணைந்தே போனது.

ஒன்றும் நடக்கவில்லை. 'கொஞ்சம் நகருங்கள்' என்று சொல்ல அவருக்கு வாயில்லை. 'அந்தப் பக்கமாகப் போங்கள்' என்று சொல்ல இவளுக்கும் வாயில்லை. திரும்பிப் பார்க்கவும் முடியாது. அவர் என்ன செய்கிறார்? தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிகிறாரா? கோபத்தில் முகம் சிவந்திருக்கிறதா? ஒரு ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தது. அதைக்கூட அவள் விரட்டவில்லை. பயந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

வெகு நேரம் கழித்து என்ஜின் உறுமியது. பின்வாங்கும் வண்டியின் கீச்சுக் கீச்சுச் சத்தம் கேட்டது. அது தள்ளிப் போனது, இன்னும் தள்ளிப் போனது. போய்விட்டார், இனி ஊரில் எப்படித் தலைகாட்டுவது என்று டல்சி தவித்தாள். அப்போது பிளேடு மண்ணைச் சீவுகிற கரகரப்பு மறுபடி தொடங்கியது. இடது பக்கத்தில், தொலைவில். அது கிட்டே வரவில்லை. அவளைச் சுற்றிப் பெரிய வட்டமடித்துக்கொண்டு போனது. எலி மேட்டைத் தாண்ட ஒரு வண்டி அகலம் ஒதுங்கினால் போதும். மாமியாரைத் தாண்ட அது போதாது. ஒரு கால்பந்து மைதானத்தை நடுவில் போடும் அளவுக்கு மரியாதையோடு டெஸ்மண்ட் சாலையை வளைத்தார். மட்டமான தரையில் எதற்காக இவ்வளவு பெரிய வளைவு என்று டீசல் கொண்டுவரும் லாரிக்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள். ஊரார் அதற்கு மாமியார் வளைவு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

புழுதி வந்து டல்சியை மூடியது. சத்தம் குன்றைத் தாண்டிப் போய்த் தேய்ந்தது. புழுதி முழுதும் அடங்கியபிறகுதான் திரும்பினாள். புதுச் சாலை சிவப்பாகக் கிடந்தது. அதன் நடுவில் ஒரு நீல நிறத் தண்ணீர்க் குடுவை இருந்தது. அதன்மேல் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம். வெயிலில் தண்ணீரில்லாமல் உட்கார்ந்திருந்த முதுகை அவர் பார்த்திருக்கிறார்.

டல்சி ஓடினாள். குடுவையைத் தூக்கி முகத்திலும் கழுத்திலும் வழிய வழியக் குடித்தாள். பொட்டலத்தில் ரொட்டியும் கங்காரு வாலும் இருந்தன. அவருடைய மதியச் சாப்பாடு அது. கண்ணில் தண்ணீர் வந்தது, புழுதி என்று சொல்லக்கூட அங்கே யாரும் இல்லை. எலும்பு வரை ருசித்துச் சாப்பிட்டாள்.

அதன்பிறகுதான் மார்லீன் வந்தாள், உதட்டில் உடும்புக் கொழுப்பு பளபளக்க.

"என்னக்கா முகமெல்லாம் சிவப்பு? கல்யாணத்துக்குப் போறியா?"

"என்னை இங்க காய விட்டுட்டு நீ சுட்டுத் தின்னுட்டு வர்றியா? இதோ வந்துடறேன்னு சொன்னியேடி!"

"வால் உனக்குத்தான் எடுத்து வச்சிருக்கேன். நல்லா கொழுத்த வால்." சொல்லிக்கொண்டே மார்லீன் சாலையைப் பார்த்தாள், மேட்டைப் பார்த்தாள், குடுவையைப் பார்த்தாள். நடந்தது மெல்ல விளங்கியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ! நடு வழியிலயா உக்காந்த?"

"முதுகைக் காட்டித்தான் உக்காந்தேன்."

"ரொவீனா உன்னைக் கொல்லப்போறா!"

"கொல்லட்டும். வாலை எடு."

மார்லீன் வாலைக் கொடுத்தாள். அதை டல்சி கடிப்பாள் என்று பார்த்தால், அவள் அதே காகிதத்தில் இறுக்கிச் சுற்றினாள். வண்டித் தொட்டியிலிருந்து குடுவையை நிரப்பினாள், குளிர்ந்த தண்ணீர் வரும்வரை முதல் தண்ணீரைக் கீழே விட்டு நிரப்பினாள். கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே வைத்து, வால் பொட்டலத்தை அதன்மேல் வைத்து, காக்கை தூக்காமலிருக்கத் தன் குல்லாயைக் கழற்றிக் கவிழ்த்து மூடினாள். அந்தத் தலையில் நரை இவ்வளவு இருக்கிறது என்பது மார்லீனுக்கே அன்றுதான் தெரிந்தது.

"அது எவ்வளவு கொழுத்த வால் தெரியுமா..." என்று மார்லீன் முனகினாள்.

குன்றுக்கு அப்பால் புழுதி திரும்பியிருந்தது. தடத்தின் மறுபாதியைச் சீவ அவர் வருகிறார்.

"ஏறு, ஏறு, கிளப்பு!" டல்சி முன்னிருக்கையில் தாவி ஏறிக் கதவைச் சாத்தினாள். வண்டி நகர்ந்தது. பின்னால் என்ஜின் சத்தம் கிட்டே வந்தது, தணிந்தது, குடுவை இருக்கும் இடத்தில் நின்றது. பின்னால் பார்க்கிற கண்ணாடியில் கிரேடரின் மஞ்சள் இரும்பு நிற்பதும், அதிலிருந்து ஒரு ஆள் இறங்குவதும் மங்கலாகத் தெரியத் தொடங்கியது.

டல்சி கையை நீட்டி, கண்ணாடியை மேலே, கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டாள்.

"அக்கா! பின்னால என்ன வருதுன்னு நான் எப்படிப் பாக்கறது?"

"எனக்குத் தெரியும். நீ முன்னால பாத்து ஓட்டு" என்றாள், கண்ணாடியை விட்டுக் கையை எடுக்காமல்.